டக்கு வைத்த கம்ப்யூட்டர்

இன்று காலை பழைய கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றியபோது உள்ளேயிருந்து சொல்யூஷன் வாசனை வந்தது. தோல் பட்டறைப் பக்கம் போகாதவர்களுக்கு இது தெரிந்திருக்காது. தோலையும் அட்டையையும் ஒட்டுவதற்குத் தடவுகிற மஞ்சள் பசை அது. மூக்கில் ஏறினால் அரை நாளைக்கு இறங்காது. தாராவியை விட்டுக் கோபர்கைரனேயில் நாலாவது மாடிக்கு வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. இந்த வீட்டில் தோலும் கிடையாது, பசையும் கிடையாது. இருந்தும் விசிறி இறக்கைகளில் அப்பியிருந்த பழைய தூசியைத் துடைக்கத் துடைக்க அந்த வாசனை எழுந்துகொண்டே இருந்தது. நிஜமாகவே இருந்ததா, எனக்குத் தோன்றியதா என்று கேட்காதீர்கள். தும்மல் என்னவோ நிஜமாகவே வந்தது.

பக்கத்தில் புதுக் கேபினட் ஒன்று, கம்ப்யூட்டரின் வெறும் கூடு, அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்து நிற்கிறது. விளையாட்டுப் படங்களைத் திரையில் ஓட்டுவதற்கு நான் வாங்கியிருக்கும் புதுக் கிராபிக்ஸ் கார்டு முழங்கை நீளம். பழைய கேபினட்டில் அதைச் சாய்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், கொஞ்சம் திட்டியும் பார்த்தேன். நுழையவில்லை. எட்டு வருஷமாக உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றியிருக்கிறேன்; மாற்றாமல் மிஞ்சியவை இந்தக் கறுப்புத் தகரப் பெட்டியும், அதற்கு உம்மா தைத்துப் போட்ட துணி உறையும்தான். உறையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தவள், உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.

அப்போது நாங்கள் தாராவியில் இருந்தோம். கீழே வாப்பாவின் பை தைக்கும் பட்டறை; மேலே தகரக் கூரைக்கடியில் நாங்கள் மூன்று பேர். நடுவில் ஓர் இரும்பு ஏணி. மேலப்பாளையத்திலிருந்து பதினேழு வயதில் வந்த வாப்பா, அந்த ஏணியில் ஏறுவதும் இறங்குவதுமாகவே வாழ்நாளைக் கழித்தவர். எனக்குச் செம்பூரில் ஓர் ஆபீஸில் வேலை. இன்சூரன்ஸ் பாரங்களைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். காலை ஷிப்டு, மத்தியானம் பன்னிரண்டரைக்கு விட்டுவிடுவார்கள். அந்த ஒப்பந்தம் இன்னும் நாலு மாதத்தில் முடியப்போகிறது என்று ஒருநாள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு இருந்த ஒரே தனித்திறமை, கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் ஓட்டை கண்டுபிடிப்பது. பள்ளிக்கூட நாளில் எங்கள் சந்து முனையில் ஒரு சைபர் கஃபே இருந்தது. பிரிண்ட் எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய் உட்காருவேன். மற்றவர்கள் எதிரியைச் சுடுவார்கள். நான் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பேன். எந்தச் சுவர் வழியாக ஆள் அந்தப் பக்கம் போய்விடுகிறான், எந்த இடத்தில் குதித்தால் தரையே இல்லாமல் கீழே விழுந்துகொண்டே இருக்கிறான் என்றெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். இது ஒரு வியாதி என்றுதான் நானே நினைத்திருந்தேன். ஆபீஸில் என் பக்கத்து நாற்காலி கல்யாணிதான் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று சொன்னாள். மாதுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் பாலக்காட்டுக் குடும்பம் அவளுடையது. உலகத்தில் எதெதற்குச் சம்பளம் உண்டு என்பது அந்த வீடுகளில் எப்படியோ தெரிந்திருக்கிறது.

ஐரோலியில் ஒரு கம்பெனி. விளையாட்டுகளைக் கடைக்கு வருமுன் விளையாடிப் பார்த்துக் குறை சொல்லும் வேலை. ஆனால் முதலில் வீட்டிலிருந்தபடியே சோதனை. முதல் ஆறு வாரம் சின்ன விளையாட்டுகள். அதில் தேறினால் அடுத்த ஆறு வாரம் பெரிய விளையாட்டுகள். கம்ப்யூட்டர் நம்முடையதாக இருக்க வேண்டும். இரண்டாவது கட்டத்துக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

வாப்பாவிடம் சொன்னேன். பையின் வாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிவில், "வெளையாடுததுக்குச் சம்பளம் குடுப்பானா?" என்று மட்டும் சொன்னார். கோபமில்லை. அவருக்குள் ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது. செம்பூர் வேலை முடிந்ததும் நான் பட்டறையில் உட்கார்ந்து ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளலாம். அதற்காக ஒரு மேஜைகூடப் பார்த்து வைத்திருந்தார். அது ஒன்றும் கெட்ட வேலை இல்லை. அந்த மேஜையில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான் பயமாக இருந்தது. சோதனையில் தேறியே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நான் பிடிவாதக்காரி. உம்மா இதையே வேறு சொற்களில் சொல்லுவாள்.

கையில் இருந்தது முப்பதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதற்குள் ஒரு கேமிங் கம்ப்யூட்டர். இரண்டு மாதம் படித்தேன். ஆபீஸுக்குப் போகும் பஸ்ஸில் மொபைலில் படிப்பேன், சயானில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதும் படிப்பேன். ஒருமுறை கைவண்டியில் முட்டிக்கொண்டு வண்டிக்காரரிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிராண்ட் ரோடில் இறங்கி, கம்ப்யூட்டர் கடைகள் வரிசையாக இருக்கும் லாமிங்டன் ரோடு போனேன்.

நாலாவது கடையில் சேட் எங்கள் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். முதலாவது, கண்ணாடி பதித்த கேபினட். உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்குகள். கிராபிக்ஸ் கார்டும் இப்போதே உண்டு. "மேடம், யே லே லோ, ஆஜ் சே கேலோ" என்றார். வாங்கிய அன்றைக்கே ஆடலாமாம். ஆனால் அந்த விலையில் அதெல்லாம் எப்படி வருகிறது என்று நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். பேர் தெரியாத ஓர் எஸ்எம்பிஎஸ். அதுதான் வெளியிலிருந்து கரண்டை வாங்கி உள்ளே எல்லா பாகங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. தூக்கிப் பார்த்தால் காலி டப்பா போலிருந்தது. மதர்போர்டில் ரேம் செருக இரண்டே இடம், இரண்டிலும் சின்னச் சின்ன ரேம் போட்டு அடைத்திருந்தார்கள். கார்டோ மிகச் சின்னது. பெரிய விளையாட்டு வந்தால் கார்டை மாற்ற வேண்டும். பெரிய கார்டை அந்த எஸ்எம்பிஎஸ் தாங்காது. அதையும் மாற்ற வேண்டும். மொத்தத்தில் மூன்று மாதத்தில் விளக்கு மட்டும்தான் மிஞ்சும்.

இரண்டாவது வழி, கறுப்புத் தகரப் பெட்டி. விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை. கார்டும் இல்லை, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸை வைத்துக்கொண்டு சின்ன விளையாட்டுகளை ஓட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் கனமான, நல்ல எஸ்எம்பிஎஸ். மதர்போர்டில் ரேமுக்கு நாலு இடம். அதில் ஒன்றில் மட்டும் ஒரு பெரிய ரேம், மூன்று காலி. கார்டு செருகும் இடமும் காலி. பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் வெறும் காற்று.

கல்யாணிக்கு முகமே விழுந்துவிட்டது. "பாக்கறதுக்கு அது எவ்ளோ நன்னா இருக்கு. இத வாங்கிண்டு போனா உங்காத்துல காலி டப்பாவ வாங்கிண்டு வந்திருக்கேம்பா" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அந்தச் சிவப்பு விளக்கின் மேல் ஆசை. நானும் மனுஷிதானே.

அந்த நேரத்தில், அந்தக் கடையில் நின்றுகொண்டு, எனக்கு என் பள்ளிக்கூடப் பாவாடை ஞாபகம் வந்தது. உம்மா எனக்கு யூனிபார்ம் தைத்தால் டக்கு வைத்துத்தான் தைப்பாள். பாவாடையை வேண்டியதற்கு மேல் நீளமாக வெட்டி, அடியில் இரண்டு விரல் மூன்று விரல் அகலத்துக்கு மடிப்புப் பிடித்துத் தையல் போட்டுவிடுவது. பிள்ளை வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரித்துவிட்டால் ஒரே பாவாடை மூன்று வருஷம் வரும். இதில் ஒரு சங்கடம். வெயிலிலும் சோப்பிலும் பாவாடை வெளுத்திருக்கும். மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் புதுசு போல அடர்ந்த நீலமாக இருக்கும். ஜூன் மாதம் பள்ளி திறந்தால் என் பாவாடையில் அடர்நீலத்தில் ஒரு பட்டை ஓடும். வகுப்பில் எனக்கு 'பட்டை' என்றே பெயர். சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு அளவுக்குச் சரியாக இருக்கும் பொருளைத் தவிர எதையும் வாங்குவதில்லை என்று எட்டாம் வகுப்பில் சபதம் எடுத்திருந்தேன்.

அந்தச் சபதம் லாமிங்டன் ரோடில் முடிந்தது. கல்யாணியிடம், "எனக்கு டக்கு வெச்சதுதான் வேணும்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. சேட்டுக்கு அதைவிடப் புரியவில்லை. கறுப்புப் பெட்டியைக் கட்டிக் கொடுத்தார்.

வீட்டில் ஏணி வழியாக அதை மேலே ஏற்றியதே ஒரு திருவிழா. உம்மா மேலே நின்று கயிற்றை இழுத்தாள், நான் கீழே நின்று தாங்கினேன். மூடியைத் திறந்து உள்ளே காட்டினேன். இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்று உம்மா கவலைப்பட்டாள். அது பின்னால் பெரிதாக்குவதற்கு விட்ட இடம் என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை சோதனை ஆரம்பம். கம்பெனியின் சர்வர் மத்தியானம் இரண்டு முதல் ஆறு வரைதான் திறந்திருக்கும். அதற்குள் விளையாடி முடித்து ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். உட்கார்ந்தேன். இருபதாவது நிமிஷம் திரை இருண்டது. கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி எழுந்தது. கால் மணி கழித்து மீண்டும். கேபிள்களை எல்லாம் பிடுங்கிச் செருகினேன். லாமிங்டன் ரோடு சேட்டை மனத்துக்குள் என்னென்னவோ சொன்னேன். மூன்றாவது முறை அணைந்தபோதுதான் காலுக்கடியில் பலகை அதிர்வதைக் கவனித்தேன். கீழே தோலை மெல்லிதாக்கச் சீவுகிற மெஷினை ஓட்டியிருக்கிறார்கள். அந்த மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் எங்கள் லைனில் கரண்ட் ஒரு நொடி தொய்கிறது. தையல் மெஷின்களால் ஒன்றும் இல்லை, பல்பு லேசாகக் கண் சிமிட்டும். சீவும் மெஷின் கிளம்பினால் என் கதை முடிந்தது.

பிறந்ததிலிருந்து அந்த மெஷினின் மேல் படுத்துத் தூங்கியவள் நான். என்றைக்கோ வரப்போகும் கார்டுக்கு இடம் விட்டேன், ரேமுக்கு இடம் விட்டேன். காலுக்கடியில் ஓடும் மோட்டாரை மறந்துபோனேன். இந்த லட்சணத்தில் மற்றவர்கள் செய்த ஓட்டையைக் கண்டுபிடிக்கிற வேலைக்கு ஆசை. யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தால் தீர்ந்துவிடும். அதற்குக் கையில் எதுவும் மிச்சமில்லை. கம்ப்யூட்டருக்காக வாப்பாவிடம் கேட்பதில்லை என்று முன்னாலேயே வீறாப்பாகச் சொல்லியும் விட்டேன்.

அந்த வாரம் நாலு நாளும் அரைகுறை ரிப்போர்ட்தான் போனது. வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆ தொழுகைக்குப் பட்டறையை மூடினால் பிறகு திறப்பதில்லை. கீழே ஒரு மெஷினும் ஓடாத மத்தியானம் எங்கள் சந்தில் வாரத்துக்கு ஒன்றுதான். பக்கத்துப் பட்டறைகளும் அப்படியே. அவ்வளவு நேரம் கேட்காத சத்தங்கள் எல்லாம் அப்போது கேட்கும். யார் வீட்டிலோ தாளிப்பதுகூடக் கேட்கும். அந்த அமைதியில் நாலு மணி நேரம் தடங்கலின்றி விளையாடிப் பதினோரு குறைகளை எழுதினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உம்மாவுக்கும் அருமையான நேரம். காலியாக இருக்கும் பட்டறையில் இறங்கி உட்கார்ந்து வீட்டுத் துணிகளைத் தைத்துக்கொள்வாள். அன்றைக்கு அவள் இறங்கவில்லை. பைக்குள் வைத்துத் தைக்கிற மெரூன் லைனிங் துணி கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியால் தைத்தாள். தையல் மெஷினால் ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். எதற்கு வம்பு என்றாள். கம்ப்யூட்டருக்குத் தூசி படாமல் உறை. தைத்துக்கொண்டே வந்தவள் நிறுத்தி, பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏளா, இது பெருசாவும்னு சொன்னியே, எம்புட்டுப் பெருசாவும்?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெட்டி வளராது உம்மா, உள்ளே இருக்கிறதுதான் மாறும் என்றேன். அவளும் சிரித்தாள். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று உறையின் அடியில் இரண்டு டக்கு பிடித்தே முடித்தாள். திங்கட்கிழமை ஆபீஸில் இதை நடித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துக் கல்யாணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு ஐரோலியிலும் பல பேருக்கு நடித்துக் காட்டியிருக்கிறேன். புது இடத்தில் எனக்கு நண்பர்களைச் சேர்த்துக் கொடுத்ததே இந்தக் கதைதான். இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதே திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. முதல் வாரத்து ரிப்போர்ட்டுகளில் ஒன்றுதான் முழுமையாக இருக்கிறது. இந்த வாரமும் இப்படியே இருந்தால் சோதனையை நிறுத்திக்கொள்கிறோம். மத்தியானச் சாப்பாட்டின்போது உம்மா கேட்டதால் சொன்னேன். வாப்பா தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். நான் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒருவரிடம் சொன்னது இன்னொருவருக்குக் கேட்காமல் இருக்க வழியில்லை. கை கழுவிவிட்டு இறங்கினார். ஏணித் துவாரம் வழியாக அவர் பேசுவது கேட்டது. பட்டறையில் வேலை செய்பவர்கள் பீகார்க்காரர்கள், அதனால் பம்பாய் இந்தியில்தான் பேசுவார். சீவுகிற வேலை முழுவதையும் இனிமேல் காலையிலேயே முடித்துவிட வேண்டும், இரண்டு மணிக்கு மேல் அந்த மெஷினில் யாரும் கை வைக்கக் கூடாது என்றார். தோல் வெட்டுகிற மூத்த கட்டர், ஆர்டர் தாமதமாகுமே என்று இழுத்தார்.

"ஹோனே தோ. ஊப்பர் மேரி பேட்டி கா காம் சல்தா ஹை."

ஆகட்டும், மேலே என் மகளுக்கு வேலை நடக்கிறது. அதுவரை வீட்டில் அதற்கு விளையாட்டு என்றுதான் பெயர். நான் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுத் திரை தெளிவதற்காகக் காத்திருந்தேன். திரை எப்போதோ தெளிந்துவிட்டிருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து பட்டறை எட்டு மணிக்கே திறந்தது. வாப்பா இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் நன்றி சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. ரிப்போர்ட் மட்டும் ஒருநாள் தவறாமல் ஆறு மணிக்குள் போனது. முதல் கட்டம் தேறினேன். அதற்குக் கம்பெனி கொடுத்த சின்னத் தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, அதே சேட்டிடம் போய் ஒரு நல்ல கார்டு வாங்கினேன். மூடியைத் திறந்து, காலியாகக் கிடந்த இடத்தில் வைத்து அழுத்தினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. எஸ்எம்பிஎஸ் மூச்சுக்கூட வாங்கவில்லை. இரண்டாவது கட்டமும் தேறி ஐரோலிக்கு வேலைக்குப் போனேன். வாப்பா பார்த்து வைத்திருந்த மேஜையில் உம்மா அரிசி டின்னை வைத்தாள்.

பிறகு காலி இடங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. ஒரு வருஷம் ரேம், ஒரு வருஷம் பிராசஸர், ஒரு வருஷம் மறுபடி கார்டு. கல்யாணி கல்யாணமாகி வேறு நாட்டுக்குப் போனாள். சேட்டின் கடையில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். உம்மா நாலு வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில், சயான் ஆஸ்பத்திரியில், மூன்றே நாளில் போய்விட்டாள். அதன் பிறகு வாப்பாவுக்கு அந்த ஏணி பிடிக்கவில்லை. பட்டறையைக் கைமாற்றிவிட்டு என்னோடு வந்துவிட்டார். போன மாதம் அந்தப் பக்கம் போனேன். எங்கள் சந்து முழுவதையும் இடித்து மட்டமாக்கித் தகரம் அடைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைதான். தகரத்துக்கு அந்தப் பக்கம் மண் தோண்டும் யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் புதுக் கேபினட்டுக்கு மாற்றிவிட்டேன். நாற்காலியிலிருந்து உறையை எடுத்து அதன் மேல் போட்டேன். அடியில் நாலு விரல் குறைந்தது. ஜன்னலோரம் இருந்து இருந்து மெரூன் வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்திருக்கிறது. தரையில் உட்கார்ந்து விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை நூலில், கைத்தையலில், அந்த இரண்டு டக்கும் அப்படியே இருந்தன. பெட்டி வளராது என்று எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தேன்.

முடிச்சைத் தேடிப் பிடித்து நூலை இழுத்தேன். மெஷின் தையல் என்றால் பிளேடு வேண்டும்; இது ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வந்தது. முதல் டக்கைப் பிரித்தும் இரண்டு விரல் குறைந்தது. இரண்டாவதையும் பிரித்தேன். உறை தரையைத் தொட்டது. வெளுத்த துணியில், உம்மா அன்றைக்கு மடியில் போட்டுத் தைத்த நிறத்தில் இரண்டு பட்டைகள்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த வாப்பா எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"உங்க உம்மா தச்சதுல்லா?"

"ஆமா வாப்பா."

பட்டையை விரலால் ஒருமுறை தடவினார். அளவு சரியாகத்தான் இருக்கிறது என்றார். நூலைச் சுருட்டி என் கையில் வைத்துக்கொண்டேன். இனிமேல் பிரிப்பதற்கு இதில் டக்கு இல்லை.